நின்ற வண்டியும் நிலைத்த கருத்தும்

மோட்டார் வண்டிகளைப் பற்றி அபிப்பிராயம் கூறாதார் யாழ்ப்பாணத்திற் குறைவு. ஆயின், அவ்வபிப்பிராயத்தைத் தம் கைகளின் கரியாலும் காயத்தாலும் பெற்றவர் சிலரே. அத்தகையோருள் ஒருவர், ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் காரொன்றை நெடுங்காலம் வாடகைக்கு ஓட்டிய முதியவர். "ஓடேக்கை எல்லாம் நல்ல வண்டிதான்; நிண்ட பிறகுதான் செய்தவன்ரை குணம் தெரியும்" என்பது அவருடைய முடிந்த முடிபு.

1952 முதல் 1954 வரை உற்பத்தியான அவ்வண்டியின் மூடியைத் திறந்தால், 1200 சீ.சீ. இயந்திரத்தின் உறுப்புகள் கண்ணுக்கும் கைக்கும் எட்டும். திருத்துபவனை நினைத்தே செய்த இயந்திரம் அது என்பார் அவர். 1948 இல் வெளிவந்த மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மீதும் அவருக்கு மதிப்புண்டு. அவ்விரு பெயர்களையும் தன்னுள் அடக்கி 1968 இல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட், 1975 இல் அரசுடைமையான கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். லொறிகளில் அழகு பேசுவதை அவர் ஏற்பதில்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி, அச்சூட்டிலேயே எரிபொருளை எரிக்கும் டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. குறைந்த வேகத்திலும் பாரம் இழுக்கும். லொறிக்கு அதுவே அழகு என்பது அவர் வாதம்.

இக்கருத்துகள் சோதிக்கப்பட்ட காலமும் வந்தது. 1990 இல் வடபகுதிக்கு எரிபொருள் தடைப்பட்டபின், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன.

ஓரிரவு, பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிச் சென்றபோது கார் நடுவழியில் நின்றது. பிளக்குகளில் கரி படிந்திருந்தது. நிலவொளியில் நான்கையும் கழற்றித் துடைத்துப் பூட்டினார். போத்தலில் எஞ்சியிருந்த பெற்றோல் ஒருமுறை கிளப்புவதற்கே போதும். இயந்திரம் கிளம்பியது. குழந்தை ஆசுபத்திரியிற் பிறந்தது.

2002 இல் பாதை திறந்தபின் அவ்வியந்திரத்தைப் பிரித்தார். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எண்ணெயை நீர்க்கச் செய்ததில், சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன. "எங்களுக்காகத் தேய்ஞ்சது" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய மருமகனிடம் யப்பானியக் கார் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக அதன் மூடியைத் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. "நிக்காத வண்டியைச் செய்தவன் என்ரை ஆக்களிலும் கெட்டிக்காரன்தான், தம்பி. ஆனால் நிண்டால் நீ என்ன செய்வாய்?" என்று முதியவர் கேட்பதுண்டு.

2022 இல் அக்கார் நின்றது. பழுதினால் அன்று, எரிபொருள் இன்மையால். வரிசையிற் காத்திருந்த மருமகனுக்குச் சோற்றுப் பொதி கொண்டு சைக்கிளிற் சென்றார் முதியவர். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. அன்று மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். வீட்டு முற்றத்தில் ஒஸ்ரினும் நின்றுகொண்டிருந்தது.