தொட்டால் கெட்டுவிடுமா?

“தொடாதே, கெட்டுடும்!”

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்கு நாற்பத்தாறு வயது ஓடிவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் ரேடியோ. கல்யாணமாகி வந்த பிறகு இவருடைய டேப்ரிகார்டர். கடைசியாக மகளின் லேப்டாப். ஆனால் மிக்ஸியோ கிரைண்டரோ மக்கர் பண்ணினால் மட்டும், “நீதானே ஓட்டறே, நீயே பாரு” என்பார்கள்! உங்கள் வீட்டிலும் இதே கதைதானே, சகோதரிகளே?

அப்பேர்ப்பட்ட நான், போன மாதம் ஒரு லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்து, அதற்குப் புதிதாக ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ போட்டேன் என்றால் நம்புவீர்களா? அதுவும் காசு கொடுத்து வாங்காமல். நடுவில் ஒரு பெரிய தப்பும் பண்ணினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்களாவது அதைச் செய்யாமல் இருக்கலாம், பாருங்கள்.

அந்த லேப்டாப், மகள் இங்கே ராசிபுரத்தில் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா அம்மையார் முதல்வராக இருந்தபோது தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த அரசு லேப்டாப். மகள் கல்யாணமாகி ஓசூர் போனதும் அது என் கைக்கு வந்தது. எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு நான்தான் ஊக்குநர். பன்னிரண்டு பேரின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் இரண்டு வருஷமாக அதில்தான் ஏற்றி வந்தேன். நோட்டில் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

இந்த வருஷம் அதற்கு வயதாகிவிட்டது. ஆன் செய்துவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டு வந்து பார்த்தால், அப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பழைய மெஷின்கள் பலவற்றை ஏற்பதில்லை. எங்களுடையதும் அந்த ரகம்தான்.

கடையில் காட்டினேன். “இது தேறாதுங்க. முப்பத்தஞ்சாயிரம் இருந்தா புதுசு பாத்துக்கலாம்” என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். முப்பத்தைந்தாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? இன்னும் பத்து நாளில் குழுக் கணக்கைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். வயிற்றில் புளி கரைத்தது.

சேலத்தில் என்ஜினீயரிங் படிக்கும் அண்ணன் மகனுக்கு போன் போட்டேன்.

“அத்தே, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. லினக்ஸ் போட்டா நல்லா ஓடும்.”

“அப்படியா! எப்ப கண்ணு வர்றே?”

“நான் எதுக்கு? எனக்குப் பரீட்சை. நீங்களே போடுங்க. நான் போன்ல சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ராத்திரி இவரிடம் சொன்னேன். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்னவென்று அண்ணன் மகன் விளக்கியதைத் திக்கித் திணறிச் சொன்னபோது, இவரே பளிச்சென்று பிடித்துக்கொண்டார். “ஓ... சேஸிஸ் அப்படியே இருக்குது. பழைய பாடியைக் கழட்டிட்டுப் புது பாடி கட்டறே. அதானே? கெடுத்துடாதே புள்ள!”

அதேதான்! மெஷின் சேஸிஸ். அதன் மேல் உட்கார்ந்து எல்லா வேலையையும் வாங்குவது ஆபரேட்டிங் சிஸ்டம். கனமான பாடியைக் கழற்றிவிட்டு இலேசான பாடி கட்டினால் பழைய சேஸிஸும் ஓடத்தானே செய்யும்?

சரி, இதை ஏன் சும்மா தருகிறார்கள்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நம் வீட்டு உறை மோரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் உறை இல்லையென்றால் ஒரு கரண்டி கொடுக்கிறோம். காசு கேட்போமா? கொடுத்ததால் நம் தயிர் குறைந்துவிடுகிறதா? அவர்கள் வீட்டிலும் தயிர் உறையும். நாளைக்கு நமக்குத் தேவையென்றால் அவர்களிடமிருந்து வரும். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இப்படித்தான் ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார். ‘மென்பொருளை எழுதிய முறையையும் சேர்த்தே கொடு. வாங்கியவர் திருத்தட்டும், பிறருக்கும் கொடுக்கட்டும்’ என்பது அவர் கொள்கை. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் லினக்ஸின் மூலப் பகுதியை எழுதி ஊருக்கே பொதுவில் வைத்தார். அதன் பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ்தான் இருக்கிறதாம்!

இதிலே பல வகை உண்டு. ‘டெபியன்’ என்று ஒன்று. 1993-ல் இயன் மர்டாக் என்பவர் அதை ஆரம்பித்தபோது, காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயராம் அது. அந்த டெபியனை அடிப்படையாக வைத்து, நம் சென்னையிலேயே மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்று ஒன்றை இந்திய மொழிகளுக்காக உருவாக்கியது. இதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. மகளின் லேப்டாப்பை ஆன் செய்தால் முன்பெல்லாம் கறுப்புத் திரையில் “பாஸா, விண்டோஸா?” என்று கேட்குமே, அது இதுதான்! விண்டோஸோடு கூடவே பாஸையும் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். “அதைத் தொட்டுடாதீங்கம்மா” என்று மகள் மிரட்டி வைத்திருந்தாள். பிற்பாடு ஒரு தடவை ரிப்பேருக்குப் போனபோது அதை எடுத்தே விட்டார்கள். வீட்டுக்குள் இருந்ததை இத்தனை வருஷம் நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை!

அண்ணன் மகனுக்குப் பழக்கமானது ‘லினக்ஸ் மின்ட்’ என்பதால் அதையே போடச் சொன்னான். இதுவும் டெபியன் வம்சம்தான். ஏறத்தாழ மூன்று ஜி.பி. அளவு. போன் டேட்டாவில் ராத்திரி முழுக்க இறக்கினேன். அதை ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் ஒரு பென்டிரைவில் எழுத வேண்டும்.

இங்கேதான் என் தப்பு. என்னிடம் கறுப்பு நிறத்தில் இரண்டு பென்டிரைவ். ஒன்று புதுசு. இன்னொன்றில், குழுக் கணக்கை எதற்கும் இருக்கட்டும் என்று நகல் எடுத்து வைத்திருந்தேன். ‘இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்’ என்று இங்கிலீஷில் எச்சரிக்கை வந்தது. அடுப்பில் பால். அவசரத்தில் ‘ஓகே’ தட்டிவிட்டேன். முடிந்ததும் இன்னொரு பென்டிரைவைச் செருகிப் பார்க்கிறேன், காலி! கணக்கு இருந்ததைத்தான் அழித்திருக்கிறேன்.

கணக்கின் மூலப் பிரதி நல்லவேளையாக லேப்டாப்பிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பென்டிரைவில், நாங்கள் எல்லோரும் கொல்லிமலை போய்வந்த படங்களும் இருந்தன. மாமியார் கடைசியாக எங்களோடு வந்த பயணம் அது. அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பார். லேப்டாப்பில் இடத்தை அடைக்கிறதென்று ஒரு வருஷத்துக்கு முன்னால் நானேதான் அங்கிருந்து அழித்திருந்தேன்.

இவரிடம் சொன்னேன். திட்டவில்லை. “அம்மா நல்லாச் சிரிச்ச படம் அது ஒண்ணுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. ‘தொட்டால் கெட்டுவிடும் என்றார்களே, சரிதானே’ என்று அன்று ராத்திரி அழுதேன். லேப்டாப்பை மூடி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து இவரே அதை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “பட்டறையில நான் எத்தனை ஷீட்டைத் தப்பா வெட்டியிருக்கேன் தெரியுமா? அளவெடுத்துட்டு, இன்னொருக்கா அளவெடுத்துட்டு வெட்டு” என்றார்.

அளவெடுத்தேன். கணக்கை மீதிப் பென்டிரைவில் ஒன்று, அண்ணன் மகனின் ஈமெயிலுக்கு ஒன்று என இரண்டு நகல் எடுத்தேன். இரண்டையும் திறந்து பார்த்தேன். லினக்ஸ் உள்ள பென்டிரைவில் சிவப்பு நூல் கட்டினேன். பிறகு அதைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப்12 தட்டினேன். (ஒவ்வொரு மெஷினுக்கும் இந்த விசை மாறும்.) லினக்ஸ் வந்துவிட்டது! இதில் ஒரு நல்ல வசதி, சகோதரிகளே. லேப்டாப்பில் எதையும் அழிக்காமலே பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். புடவையை எடுப்பதற்கு முன் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி! நானும் ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பிடித்திருந்தது.

மறுநாள் ‘நிறுவு’ என்ற படத்தைத் தட்டினேன். முதலில் மொழிகளின் பட்டியல். உருட்டிக்கொண்டே போனால், நடுவில் ‘தமிழ்’! தொட்டதும் திரையில் தமிழ் எழுத்துக்கள். சில இடங்களில் இங்கிலீஷ் எட்டிப் பார்த்தது. இருந்தாலும் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவளுக்கு அது எவ்வளவு தைரியம்! கடைசியில் ‘வட்டை முழுதும் அழித்து நிறுவவா?’ என்று கேட்டது. இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். மூன்று முறை படித்தேன். முருகா என்று அழுத்தினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஆனாலும் வைஃபை வரவில்லை! அண்ணன் மகன் சொன்னபடி போனை யூ.எஸ்.பி. ஒயரால் இணைத்து இன்டர்நெட் கொடுத்தேன். ‘டிரைவர் மேனேஜர்’ என்ற பகுதியே தேவையானதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டது. பிறகு லிப்ரே ஆபீஸில் குழுக் கணக்கைத் திறந்தேன். பன்னிரண்டு பெயரும், கூட்டுத் தொகையும் நோட்டில் குறித்து வைத்திருந்ததோடு பைசா சுத்தமாகப் பொருந்தியது. தணிக்கையும் நல்லபடியாக முடிந்தது.

எல்லாமே இதில் ஓடும் என்று சொல்ல மாட்டேன். டேலி போன்ற சில மென்பொருள்கள் இதில் நேரடியாக ஓடாது. அதை நம்பித் தொழில் செய்கிறவர்கள் விசாரித்துவிட்டு மாற்றுங்கள். ஆனால் கணக்கு, கடிதம், சினிமா, இன்டர்நெட்டுக்குத் தாராளம். சின்னக் குழந்தை உள்ள வீடுகளுக்கு ‘டக்ஸ் பெயின்ட்’ என்ற ஓவியப் பலகை இலவசமாகவே கிடைக்கிறது. பேரன் வந்தால் அதில் பென்குவினோடுதான் விளையாட்டு. அரை மணிக்கு மேல் விடுவதில்லை, அது வேறு விஷயம்!

போன வாரம் குழுக் கூட்டத்தில் ஒரு தங்கை மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, எங்க பையனோட கவர்மென்ட் லேப்டாப்பு பரண்ல கெடக்குது. எடுத்துட்டு வரட்டுங்களா? போட்டுத் தர்றீங்களா?”

“கொண்டா. ஆனா நான் போட மாட்டேன். நீயே போடு, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றேன்.

“அய்யோ, தொட்டாக் கெட்டுப்போயிடுச்சுன்னா?”

“முதல்ல எல்லாத்தையும் ரெண்டு நகல் எடு. அப்புறம் தொடு” என்று சொல்லி, சிவப்பு நூல் கட்டின பென்டிரைவை அவள் கையில் கொடுத்தேன்.