படகு போன்ற கார்

1950-களிலும் 1960-களிலும் வந்த தமிழ்த் தொடர்கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு கார் பரிச்சயமாகியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் பெயர் இராது. 'படகு போன்ற கார்' என்று மட்டும் எழுதியிருக்கும். அது பங்களா வாசலில் வந்து நின்றால், இறங்கப் போகிறவர் மில் முதலாளி, அல்லது ஜமீன்தார், அல்லது அவர்களுடைய செல்லப் புதல்வி என்று வாசகர் புரிந்துகொள்வார். ஆசிரியருக்கு ஒரு பக்க வர்ணனை மிச்சம். நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால், அந்த மூன்று சொற்கள் செய்த வேலையை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

அந்தப் படகு பெரும்பாலும் அமெரிக்கப் படகு. பியூக், செவர்லே, டாட்ஜ், பிளிமத் என்று பல பெயர்கள். இன்றும் அவற்றைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பேசுகிறவர்களில் அந்தக் காரை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். வேலி ஓரத்தில் நின்று பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே அதிகம். ஒரு நாளும் நம்முடையதாக இராத ஒன்றை நாம் எப்படி இழந்தோம்?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும், பழைய பெரியவர்கள் காரைக் 'கார்' என்று சொல்ல மாட்டார்கள், 'பிளஷர்' என்பார்கள். லாரி, பஸ் போன்ற தொழில் வண்டிகளிலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் வழங்கிய 'பிளஷர் கார்' என்ற பெயரின் மிச்சம் அது. உல்லாச வண்டி என்று அர்த்தம். முதல் உலகப் போர் வந்தபோது, சண்டைக் காலத்தில் உல்லாசப் பேச்சு நன்றாக இராது என்று அமெரிக்க வியாபாரிகளே அந்தப் பெயரைக் கைவிடப் பார்த்தார்கள். அங்கே கழித்துக் கட்டிய சொல் நம்முடைய வண்டிப் பாதைகளில் தலைமுறைக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கம்மாய்க் கரையில் புழுதி எழும்பினால் "பிளஷர் வருது!" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். உல்லாசம் யாருக்கு என்று அவர்கள் கேட்டதில்லை.

மதுரை மோட்டாருக்குப் புதிய ஊர் அல்ல. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ம் ஆண்டிலேயே பஸ் தொழிலில் இறங்கியவர். அவருடைய நிறுவனம் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் விற்றது. அந்த அமெரிக்கக் கம்பெனி 1928-ல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கி, 1954-ல் கடையைக் கட்டிக்கொண்டு போயிற்று. வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் நிறுவனம் 1947 முதல் பம்பாய்க் குர்லாவில் கிரைஸ்லர் கம்பெனியின் வண்டிகளைப் பூட்டியது. டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் ஸவாய், டிசோட்டோ டிப்ளமாட் என்று மூன்று பெயர்கள். ஒன்று ராஜபாட்டை, ஒன்று ஐரோப்பிய அரச வம்சம், ஒன்று ராஜதந்திரி. முன்பக்கத்துக் கிராதியையும் பெயர்த் தகட்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே கார்தான்! ஒரே மாவில் வார்த்த தோசைக்கு மூன்று ஹோட்டலில் மூன்று பெயர் வைத்த மாதிரி.

இந்த வித்தையின் சூத்திரதாரிகள் டெட்ராய்ட்டில் இருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1924-ல் ஒரு கொள்கையை அறிவித்தார்: ஒவ்வொருவர் பணப்பைக்கும் ஏற்ற ஒரு கார். அடியில் செவர்லே, உச்சியில் காடிலாக், நடுவே படிப்படியாகப் பல பெயர்கள். ஏணி தயாரானதும் அதில் ஏறும் ஆசையை உண்டாக்க வேண்டுமல்லவா? அதற்கென்று 1927-ல் ஹார்லி ஏர்ல் என்ற உருவமைப்புக் கலைஞரை வேலைக்கு வைத்தார்கள். ஆண்டுதோறும் காரின் முகம் மாறியது. யுத்த விமானத்தைப் பார்த்து 1948-ல் காடிலாக்குக்குச் சிறிய வால் முளைத்தது; 1959-ல் அது சுறாவின் துடுப்பு மாதிரி வளர்ந்து நின்றது. அந்தக் காரின் நீளம் ஏறத்தாழ 19 அடி. நம் மாசி வீதிகளின் சந்துகளில் அதைத் திருப்ப மீனாட்சியம்மைதான் துணை நிற்க வேண்டும்.

கல்லூரி நாள்களில் டவுன்ஹால் ரோட்டுக்கு அருகே ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த அமெரிக்கப் பத்திரிகைகளில் அந்த விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். காடிலாக்கின் சின்னத்தை வைர நகையாகச் செய்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சீமாட்டி. பான்டியாக் விளம்பரங்கள் வண்ண ஓவியங்கள். ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் காரை வரைவார். காஃப்மன் என்பவர் கடற்கரையையும் மாளிகையையும் மனிதர்களையும் வரைவார். 1959 முதல் 1971 வரை இருவரும் சேர்ந்து வரைந்தார்கள். கார் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அகலமாகவே இருக்கும். எஞ்சினைப் பற்றிய பேச்சு குறைவு. 'நீ வந்து இறங்கும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்' என்பதுதான் படத்தின் சாரம்.

டெட்ராய்ட்டுத் தொழிலாளிக்கு அந்த ஏணியின் முதல் படியாவது எட்டியது. நம் ஊரில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, படியே இல்லை. இருந்தும் ஆசை மட்டும் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் சினிமாக்காரர்களும் எங்களைப் போன்ற கதாசிரியர்களும்தான். கம்பெனிகளிடம் காலணாக் கூலி வாங்காமல் 'படகு போன்ற கார்' என்று எழுதி எழுதி விளம்பரம் செய்தோம்.

என் பெரிய மாமா மதுரையில் ஒரு வியாபாரி வீட்டில் பிளிமத் ஓட்டினார். ஸ்டியரிங்குக்கு அடியில் கியர், முன்னால் சோபா போல நீண்ட ஆசனம், ஆறு சிலிண்டர். பின் ஆசனத்தில் அவர் உட்கார்ந்தது ஒரே ஒரு நாள், திருப்பரங்குன்றத்தில் நடந்த தம் கல்யாணத்தன்று. முதலாளி பெரிய மனசு பண்ணிக் காரைக் கொடுத்து, ஓட்ட வேறொரு டிரைவரையும் அனுப்பினார். வழி நெடுக ஒவ்வொரு திருப்பத்திலும் மாமாவின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியதாம். மாப்பிள்ளைக்குக் காலில் ஏதும் சுளுக்கோ என்று பெண் வீட்டார் விசாரித்தார்களாம்!

அந்த வீட்டில் அம்பாஸிடர் வந்ததும் பிளிமத் பழைய இரும்புக்குப் போயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது, அந்தக் கார் மேல் ஆசையாக இருந்தீர்களா என்று கேட்டேன்.

"வண்டி மேல என்னடா ஆசை, மாப்ளே? தினம் அதைத் தொடச்சவன் நானு. சோழவந்தான் ரோட்டுல போறப்ப, நாத்து நடுற சனம்கூட நிமிர்ந்து நின்னு பாக்கும். அது கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார்.

விளம்பரக்காரர்கள் விற்ற சரக்கு அதுதானே! முதலாளி பணம் கொடுத்து வாங்கி, பின்னால் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தார். விழித்திருந்து அனுபவித்தவர் மாதச் சம்பளத்துக்கு ஓட்டிய என் மாமா.

டிசோட்டோ 1960-ல் நின்றது. பிளிமத் 2001-லும், ஓல்ட்ஸ்மொபைல் 2004-லும், பான்டியாக் 2010-லும் விடைபெற்றன. பியூக் காருக்குத் தம் பெயரைத் தந்த டேவிட் பியூக், 1929-ல் வறுமையில் இறந்தார். ஏணியைச் செய்தவர்களுக்கும் அது நிலைக்கவில்லை. அந்தக் கார்களை நாம் இழக்கவில்லை. அவை நம்மிடம் இருந்ததே இல்லை. ஒரு கார் வந்தால் கை வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தோமே, அந்த ஆச்சரியம் மட்டுந்தான் நம் சொந்தச் சொத்து. இப்போது நான்குவழிச் சாலையில் ஆயிரம் கார்கள் போகின்றன. நாற்று நடுகிறவர்கள் யாரும் தலை நிமிர்வதில்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான் என்று தோன்றுகிறது.