மிதிவண்டியும் மானமும்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், தெலுக் பங்லிமா காராங்கை நெருங்கும்போது, விடியற்காலையில் மிதிவண்டிகள் சாரிசாரியாகச் செல்வதைக் காணலாம். ஆலைகளில் பணிபுரியும் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் அவ்வாறு செல்கின்றனர். எதிரே எத்துணைப் பெரிய வண்டி வந்தாலும் அவர்கள் இறங்குவதில்லை. இதுவும் ஒரு செய்தியா என்று மாணவர் நகைக்கக்கூடும். இம்மண்ணில் அது வேலைநிறுத்தம் செய்து கேட்கப்பட்ட உரிமை.

என் பாட்டனார் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டிறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்பது அக்காலத் தோட்டத்து வழக்கம். கூலிக் குறைவைப் பற்றி அவர் சினந்து பேசி நான் கேட்டதில்லை. இறங்கி நின்றதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும்.

1941ஆம் ஆண்டில் போரின் பொருட்டு உலகெங்கும் இரப்பருக்குத் தேவை பெருகியது. ஆயினும் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி சீனத் தொழிலாளியின் கூலியை எட்டவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம் முதல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் மூண்டன. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன் அவற்றுக்கு முன்னின்றார். அவர் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர் என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் சற்றே பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.

அவர்கள் விடுத்த கோரிக்கைகளை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சீனருக்கு நிகரான கூலி, கொடுமை புரியும் கிராணிகளை நீக்குதல், பெண்களைத் துன்புறுத்துவதற்கு முடிவு, நல்ல மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு, துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டியதில்லை என்பதும் ஒன்று. காசையும் மானத்தையும் அவர்கள் ஒரே தாளில் எழுதினார்கள். தொழிற்சங்கம் என்றாலே கூலி உயர்வு கேட்பது என்று சுருக்கிப் பேசுவோர் இப்பட்டியலைப் படித்ததில்லை போலும்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவியது. அரசு படைகளை அனுப்பிற்று. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் சப்பானியப் படை மலாயாவில் இறங்கிவிட்டது.

போருக்குப் பின், 1954இல், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதனை நெடுங்காலம் நடத்தினார். தோட்டக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆலை வேலையும் வந்தது. எழுபதுகளில் தெலுக் பங்லிமா காராங்கில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தபோது, பாட்டன் பால் வெட்டிய ஊரில் பேத்தி சீருடை அணிந்து ஆலைப் பேருந்துக்குக் காத்திருந்தாள். தோட்டத்துக் கிராணிக்கு அவள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தோட்டத்தில் தாய்க்கு இருந்த சங்கம், மின்னணு ஆலையில் மகளுக்கு இல்லை. முதலீட்டாளர் மனம் கோணும் என்று அரசு அதனைத் தடுத்து வைத்திருந்தது. 1988இல்தான் மின்னணுத் தொழிலாளர் சங்கம் அமைக்க இடம் கிடைத்தது. அதுவும் அந்தந்த ஆலைக்குள் அடங்கிய சங்கமாக மட்டுமே. பல ஆலைத் தொழிலாளர் வட்டார அளவில் ஒன்றுசேர மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.