கடல் கடந்த பொங்கல்

பொங்கல் தமிழர் திருநாள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். எந்தத் தமிழரின் திருநாள் என்று எவரேனும் குறுக்கிட்டுக் கேட்டால், 'எல்லாத் தமிழருக்கும்!' என்று தயங்காமல் விடை தருவோம். அந்த விடையை நாமும் ஒருமுறை தந்தோம், தோழர்களே! தந்த அன்றே அது பொய்யாயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

நாம் பிறந்தது ஆயக்குடியில். பழனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கொஞ்சம் தோப்பு, கொஞ்சம் நெல்வயல், அவற்றிலே உழைக்க ஒரு குடும்பம், இவையே நம் இல்லத்தின் உடைமைகள் என்று சிறுவயதில் எண்ணியிருந்தோம். உழைக்கும் மனிதரையும் உடைமைக் கணக்கிலே சேர்த்த பேதைமையை என்னென்பது! படித்துப் பட்டம் பெற்றபின், மலேசிய நாட்டில், கோலாலம்பூரை அடுத்த ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினோம்.

2013ஆம் ஆண்டு சனவரி 14, திங்கட்கிழமை. தைப்பூசத்திற்கு அந்நாட்டின் பல மாநிலங்களில் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை. ஆகவே, வகுப்புத் தொடங்குமுன் மாணவர் விடுதியின் முற்றத்திலே பொங்கலிட முடிவு செய்தோம். முதல் நாளே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் மண்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வாங்கியாயிற்று. அங்கே கடிகாரம் ஏழேகாலைத் தாண்டிய பின்னரே கதிரவன் தலைகாட்டுவான். அதுவரை மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்குவதிலும், மழையில் நனைந்த விறகோடு போராடுவதிலும் பொழுது போயிற்று. சீன மாணவன் ஒருவன் ஊதுகுழலுக்கென்று குழாய்த் துண்டொன்றைத் தேடிக் கொணர்ந்தான். மலாய் மாணவி ஒருத்தி வெல்லம் தட்டினாள். வாயிற்காவல் புரிந்த நேபாளத் தோழர், 'எங்கள் நாட்டிலும் இன்று மாகே சங்கராந்தி' என்று கூறி அடுப்பருகே வந்து நின்றார். அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் பால்தான், ஆயினும் பொங்கியது. 'பொங்கலோ பொங்கல்' என்று அத்தனை பேரும் சேர்ந்து குரலெழுப்பினர்.

அந்த மண்ணுக்குப் பொங்கலைக் கொண்டு சென்றவர் எவர்? முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகள் திரட்டிய ஆட்களாகவும் கப்பலேறிய ஏழைத் தமிழர். மலேயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அவர்கள் அங்கே அறுத்தது நெற்கதிர் அன்று; விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினர். நெல் விளையாத ரப்பர்த் தோட்டத்திலே நெல்லின் விழாவைக் கொண்டாடினர்! விளைச்சல் வெள்ளைக்காரனுக்கு, உழைப்பு மட்டுமே தமக்கு. அந்த உழைப்புக்கே விழா எடுத்தனர் என்று கொள்வதுதான் பொருத்தம்.

ஆனால், அவர்களோடு சாதியும் கப்பலேறியது. தோட்டத்து லயங்களிலும் அது தனித்தனிக் கோடு கிழித்தது. 1929இன் இறுதியில் பெரியார் மலேயாவுக்குப் பயணம் மேற்கொண்டார். ஆங்காங்கே சீர்திருத்தச் சங்கங்கள் அந்தக் கோட்டை அழிக்க முனைந்தன. திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் சென்று, 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு' இதழை நடத்தியவர் கோ. சாரங்கபாணி. சமயத்தாலும் சாதியாலும் சிதறிக் கிடந்த தமிழர் ஒருங்கே நிற்பதற்கு ஒரு நாள் வேண்டும் என்று அவர் கருதினார். அவருடைய முயற்சியால் 1952 தைத் திங்களில் பொங்கல் 'தமிழர் திருநாள்' ஆயிற்று. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, கலைநிகழ்ச்சி என்று எச்சமயத்தாரும் எச்சாதியாரும் கலந்துகொள்ளும் விழாவாக அது மலர்ந்தது.

இந்த வரலாற்றையெல்லாம், இலையிலே பொங்கல் பரிமாறியவாறே, பெருமிதத்தோடு மாணவர்க்கு விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த தமிழ் மாணவி ஒருத்தி, தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள், மெல்லக் கேட்டாள்:

"ஐயா, எங்கள் கொள்ளுப்பாட்டி ஊரிலே இருந்தபோது, பண்ணை வீட்டுக் கொல்லையில் நின்று பொங்கலை முந்தானையில் வாங்குவார்களாம். உங்கள் ஊரில் இப்போதும் அப்படித்தானா?"

"அதெல்லாம் அந்தக் காலம், அம்மா. இன்று எல்லாருக்கும் ஒரே பொங்கல்தான்" என்றோம். அவள் முகம் மலர்ந்தது.

நண்பகலில் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். பொங்கல் ஆயிற்றா என்று வினவினோம். "எல்லாம் ஆச்சுப்பா. தோப்பு வேலைக்காரங்களுக்கும் கொல்லையிலே கொடுத்தாச்சு" என்றார் அன்னையார்.

கொல்லையிலே!

அன்னையார் வன்மத்தோடு சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், நிறையவே கொடுத்திருப்பார். பிள்ளைப் பருவத்திலிருந்து ஆண்டுதோறும் அந்தக் காட்சியை நாமும் கண்டவர்தாம். மேடையிலே சமத்துவம் பேசிய நாம், கொல்லைக் கதவைப் பார்த்தும் பாராதவராய் இருந்தோம். வன்மம் என்றேனும் வெட்கப்படும். வழக்கமோ தன்னைக் குற்றமென்றே அறியாது.

மறுநாள் அந்த மாணவியை அழைத்து, "நேற்று நாம் சொன்னது பொய், அம்மா" என்றோம். அவள் சினக்கவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள், ஐயா" என்றாள். ஆசிரியர் நாம், அன்று பாடம் சொன்னவள் அவள்.

அடுத்த தைத் திங்களில் விடுப்பெடுத்து ஆயக்குடி வந்தோம். இவ்வாண்டு எல்லாரும் முற்றத்திலே அமர்ந்து உண்போம் என்றோம். 'ஊர் என்ன சொல்லும்?' என்றார் தமையனார். அன்னையார் பேசவில்லை. தோப்பிலே உழைக்கும் பெரியவரை அழைத்தோம். தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு வந்தது.

"வேண்டாமுங்க சாமி. பழக்கமில்லீங்க. இங்கேயே வாங்கிக்கிறோமுங்க."

நாம் வற்புறுத்தினோம். அவர் அசையவில்லை. விடுப்பு முடிந்ததும் நாம் விமானம் ஏறிவிடுவோம். ஊரோடு வாழ வேண்டியவர் அவர். நம் சீர்திருத்தத்தின் விலையை அவர் தலையில் சுமத்துகிறோம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்நேரம், பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி, எவர் முகத்தையும் பாராமல் உள்ளே வந்து முற்றத்தில் அமர்ந்தாள். அன்னையார் ஒரு கணம் நின்றார். பிறகு இலை போட்டார். தம் கையாலேயே பரிமாறினார். நாம் நம் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குச் சென்று, பெரியவரின் அருகே அமர்ந்து உண்டோம்.

இதனைப் புரட்சி என்று சொல்ல நாம் துணியோம். ஒரு வீட்டில் ஒரு சிறுமி ஒரு வாயிலைக் கடந்தாள், அவ்வளவே. ஆயினும், கடலுக்கு அப்பால் சீனனும் மலாய்க்காரனும் நேபாளியும் சுற்றி நின்ற பானையை, இங்கே நம் வயலில் நெல் விளைவித்தவன் நெருங்க இயலவில்லை என்றால், தமிழர் திருநாள் என்று பேச நமக்கு என்ன உரிமை?

இளைஞர் தோழர்களே! வரும் தை முதல் நாளில் வாழ்த்து அட்டை அனுப்புங்கள், விழா மேடை அமையுங்கள், எல்லாம் நன்றே. அதற்கு முன், உங்கள் வீட்டுப் பொங்கல் எந்த வாயில் வழியாக வெளியே போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.