நூலும் நூலும்

‘நூல்’ என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தருவது. தறியில் ஓடும் இழையும் நூல். கையில் விரியும் ஏடும் நூல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே, பஞ்சிலிருந்து இழை நூற்பதனையும் சொல்லைக் கொண்டு நூல் இயற்றுவதனையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கின்றார். அப்பகுதியைப் பல்லாண்டுகளாக மாணவர்க்கு விளக்கி வருகின்றோம். ஆயினும், அவ்வுவமையின் ஒரு பாதி எமக்கு உண்மையில் விளங்கியது அண்மையிலேதான். விளங்கவைத்தவள் எம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்துள்ள மருதமுனை நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அவ்வூர்ச் சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் நாடெங்கும் அறியப்பட்டவை. முன்னாளில் அத்தெருக்களிற் செல்வோர் செவியிலே தறியோசை விழாத நாளில்லை. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையால் வெளிநாட்டுத் துணிகள் மலிந்தன. பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது உயிர்களோடு தறிகளும் அழிந்தன. 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ, இறக்குமதியாகும் நூலின் விலை ஏறிற்று. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற நெசவாளர் ஒருவரின் மகளே அம்மாணவி.

சாதாரண தர வகுப்பிற் படித்த காலத்திலே, ஒருநாள் கையிற் சாயக்கறையோடு அவள் வந்திருந்தாள். “மகள், தறி வாப்பாவோடு முடியட்டும், நீ படித்து ஓர் உத்தியோகம் பார்” என்று வகுப்பினர் யாவரும் கேட்க அறிவுரை கூறினோம். நல்லெண்ணத்தோடு கூறியதே. அவளோ கைகளை மேசையின் கீழ் மறைத்துக்கொண்டாள். அச்செயலின் பொருளை யாம் அன்று உணர்ந்திலோம்.

பின்னர் அவள் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்திலே ஆடை வடிவமைப்பிற் பட்டம் பெற்றாள். கடந்த விடுமுறையில் எம் இல்லம் தேடி வந்து, நிலைபேறான ஆடை வடிவமைப்பும் முயற்சியாண்மையும் என்னுந் துறையிற் பட்டமேற்படிப்புக்கு வெளிநாடு செல்லவிருப்பதாகக் கூறினாள். ஆடை வடிவமைப்பென்றால் மேடையில் நடமாடும் மங்கையரையே யாம் எண்ணியிருந்தோம். அஃது அவ்வளவன்று என்பதை அவள் பொறுமையாக விளக்கினாள்.

திருப்பூரின் சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டது; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது; கழிவுநீரை முற்றாக மீட்டெடுக்கும் முறை அதன் பின்னரே அங்கு வேரூன்றிற்று. வங்காள தேசத்திலே, டாக்காவை அடுத்த சாவாரில், 2013 ஏப்ரல் 24இல் ராணா பிளாசா என்னும் மாடிக்கட்டடம் இடிந்து விழ, ஆடை தைத்துக்கொண்டிருந்த ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலிவான ஆடையின் மெய்யான விலையை ஆறும் ஏழையும் செலுத்துகின்றனர் என்பதை உலகம் அன்று கண்டது. ஓர் ஆடை பஞ்சாகத் தொடங்கிக் குப்பையாக முடியும்வரை எத்துணை நீரை, எத்துணை சாயத்தை, எவருடைய உழைப்பை உண்கின்றது என்று கணக்கெடுத்து, அதன் பின்னரே வடிவந் தீட்டுவது அப்படிப்பு. இலண்டன் ஆடைக்கலைக் கல்லூரி 2008இல் இதற்கென ஒரு மையத்தையே நிறுவியது.

ஆய்வுக்கட்டுரைக்காக அவள் எம்மிடம் ஓர் உதவி வேண்டினாள். “சேர், தறி உறுப்புகளுக்கு வாப்பா சொல்லும் பெயர்களைத் தமிழிற் பிழையின்றி எழுதித் தரவேண்டும்” என்றாள். துகில், கலிங்கம், அறுவை என்று பழந்தமிழ்ச் சொற்களை அடுக்க வல்ல எமக்கு, அண்டை ஊர்த் தறியின் உறுப்பொன்றன் பெயரேனும் தெரிந்திலது. வள்ளுவரை நெசவாளர் என்று மரபு கூறும்; அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னுஞ் சங்கப் புலவர் துணி வணிகர். இவற்றையெல்லாம் தேர்வுக்குக் கற்பித்தோமேயன்றித் தறியருகே ஒருநாளும் சென்றிலோம். வெட்கத்தோடு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குச் சென்றோம்.

இரண்டு தறிகளில் ஒன்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. பாவு, ஊடை, விழுது, அச்சு என்று அவர் தொட்டுத் தொட்டுச் சொல்ல, யாம் மாணவராய் அமர்ந்து எழுதினோம். இடையே அவர் கேட்டார்: “சேர், இவ்வளவு படிச்சிட்டு வந்தும் தறிக்கிட்டதானே நிக்கப் போறா? அதுக்கு எதுக்கு இந்தப் படிப்பு?”

முன்னர் யாம் வகுப்பிற் கூறியதுதான் அவர் வாயிலாக எமக்கே திரும்பி வந்தது. விடை சொல்ல நா எழவில்லை. மகளே சொன்னாள்: “வாப்பா, நீங்க நெய்யிற சாரத்துக்கு இப்ப விலை சொல்றது வேற ஆள். விலைய நாம சொல்றதுக்குத்தான் இந்தப் படிப்பு.”

பின்பு தன் கணக்கேட்டை விரித்தாள். நூல் விலை, சாய விலை, வாப்பாவின் கூலி ஆகியன ஒருபுறம் இருந்தன. மறுபுறம், உம்மா தார் சுற்றும் நேரமும் தங்கை நூலைச் சாயமிட்டு உலர்த்தும் நேரமும் நாள்வாரியாகக் குறிக்கப்பட்டிருந்தன. இத்தனை காலமும் எந்த விலையிலும் சேராத உழைப்பு அது. தந்தையார் அவ்வேட்டை நெடுநேரம் பார்த்திருந்தார். “இதை நாங்க கணக்கில எடுத்ததே இல்லை” என்றார் மெல்ல. உம்மா ஒன்றும் பேசாது தேநீர் கொணர்ந்து வைத்தார்.

இம்முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. பார்பரா சன்சோனி அம்மையார் தொடங்கிய ‘பெயார்பூட்’ நிறுவனமும், 1991இல் சாந்திரா வந்துராகல அம்மையார் குருநாகலில் தொடங்கிய ‘செலின்’ நிறுவனமும் கிராமத்துப் பெண்கள் நெய்த துணியை உலகச் சந்தைக்கு உயர்த்தின. மருதமுனைக்கும் அத்தகைய நாள் வருமா என்பதை இன்று சொல்லவியலாது. அவள் திரும்பி வருங்கால் எஞ்சிய தறியும் நிற்க வேண்டுமே என்பது எமது கவலை. புறப்படுமுன் அவளிடம், அன்று கூறிய சொல்லுக்காக வருந்துவதாகத் தெரிவித்தோம். “சேர் சொன்னதாலதான் படிச்சேன்” என்று சிரித்தாள். அச்சிரிப்பு எம்மை மன்னித்தது. ஆயினும் எம் பிழையை மறைக்கவில்லை.

பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இம்மலர் வழியே ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி விழாக்களிலே விருந்தினர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். அது பெரும்பாலும் வெளிநாட்டுச் செயற்கை இழை. போர்த்திய மறுநாளே பெட்டியுள் உறங்குவது. இவ்விழா முதலாக, அயலூர்த் தறியில் நெய்த துணியைப் போர்த்துவோமாக. விலை சற்றுக் கூடும். கூடுகின்ற அத்தொகையில், ஒரு தாய் தார் சுற்றிய நேரமும் அடங்கியிருக்கும்.

வாழ்க நமது கல்லூரி! ஓயாதிருக்க அயலூர்த் தறி!