ஒரு பழைய இராணுவ வண்டியும் ஒரு பழைய கடனும்



நான் ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. "இங்கிலாந்தில் ஆறு மாதம் இருந்தீர்களே டீச்சர், என்னென்ன பார்த்தீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அரண்மனை பார்த்தேன், தேம்ஸ் நதி பார்த்தேன். ஆனால் அதிக நேரம் நின்றது ஒரு பழைய இராணுவ வண்டியின் பக்கத்தில்தான். சிரிக்க வேண்டாம். இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

மகளின் பிரசவத்துக்காகக் கவென்ட்ரி நகரத்துக்குப் போயிருந்தேன். பேரன் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவனைத் தூங்கவைத்துவிட்டு நிமிர்ந்தால் போதும், பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து 'டம டம' என்று ஒரு சத்தம் கிளம்பும். பிள்ளை வீறிட்டு அழுவான். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் புடவைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். "அம்மா, இங்கெல்லாம் அப்படிப் போகக் கூடாது" என்று மகள் சொன்னது காதில் விழவில்லை.

கொட்டகைக்குள் நாலு பெரிய சக்கரத்தோடு ஒரு பச்சை இரும்புப் பெட்டி நின்றது. அதன் தலையில் ஒரு சின்னக் கோபுரம். பக்கத்தில் எழுபத்து நாலு வயதுப் பெரியவர், இரண்டு காதிலும் கருவி. குழந்தை தூங்க முடியவில்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு, பிள்ளை எப்போது விழித்திருப்பான் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் கால அட்டவணையே போட்டுக் கொடுத்தேன். 36 வருடப் பழக்கம் விடுமா? அதை அவர் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டார். அப்படித்தான் பழக்கமானோம்.

அந்த வண்டியின் பெயர் ஃபெரெட். கீரிப்பிள்ளை மாதிரியான ஒரு சின்னப் பிராணியின் பெயர் அது. எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்த்துவரச் செய்த கவச வண்டி. அதே கவென்ட்ரியில் டைம்லர் கம்பெனி 1952 முதல் 1971 வரை 4,400-க்கும் மேல் செய்திருக்கிறது. நம் இந்திய இராணுவத்திலும் இந்த வண்டி ஓடியிருக்கிறது. எடை நாலு டன்னை ஒட்டி இருக்கும், உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம். முன்னால் போக ஐந்து கியர், பின்னால் போகவும் அதே ஐந்து கியர். எதற்கு என்று கேட்டேன். "வேவு பார்க்கப் போனவன் எதிரியைப் பார்த்துவிட்டால், வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் ஏது டீச்சர்?" என்றார். மகள் சொல்லிக் கொடுத்து அவரும் என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

இன்ஜின் பின்பக்கம். ரோல்ஸ் ராய்ஸ் செய்த பி60, ஆறு சிலிண்டர், 4.26 லிட்டர், பெட்ரோலில் ஓடுவது. ராஜாக்கள் போகும் காருக்கு இன்ஜின் செய்த கம்பெனி இந்த இரும்புப் பெட்டிக்கும் செய்திருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

வண்டி பல வருடம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்ததாம். வாங்கியபோது இன்ஜின் இறுகிப்போயிருந்தது. செல்ஃப் போட்டுச் சுற்றப் பார்த்தால் பிஸ்டன் ரிங் உடையும் என்று, ஆறு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றி வாரக் கணக்கில் ஊறவிட்டிருக்கிறார். தினம் ஒருமுறை கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பாராம். ஒரு நாள் விரல்கடை அளவு நகர்ந்தது, அன்றைக்கு மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன் என்றார். அப்புறம் டேங்கில் துருவைச் சுரண்டி எடுத்தார். ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினார். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடுமாம். வால்வு இடைவெளி வைப்பதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். காகிதம் போல மெல்லிய எஃகுத் தகட்டை உள்ளே விட்டு இழுப்பார். சும்மா வழுக்கவும் கூடாது, இறுகிப் பிடிக்கவும் கூடாது. அந்த இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மேலே, புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில். ஆகவே ஒரே வேலையை இரண்டு இடத்தில் குனிந்தும் நிமிர்ந்தும் செய்ய வேண்டும். எழுபத்து நாலு வயதில் அவர் செய்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கோளாறு தீரவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பிரமாதமாக ஓடும். கால் மணி நேரம் ஓடிச் சூடானதும் நொண்ட ஆரம்பிக்கும். நம் ஊர் மெக்கானிக் 'மிஸ்ஸிங்' என்பாரே, அதுதான். கார்புரேட்டர் என்று முடிவு கட்டிவிட்டார் பெரியவர். கழற்றிச் சுத்தம் செய்தார். மறுபடி நொண்டியது. மறுபடி கழற்றினார். மூன்றாவது முறை மாட்டியபோதும் அதே கதை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "இது சோம்பேறி இன்ஜின்" என்றார்.

அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது, ஒருவன் மட்டும் வாயை அசைத்துக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கே தெரியும், எத்தனை பேர் மாட்டியிருக்கிறீர்கள்! "இதிலும் எல்லோரும் தடுமாறவில்லை, ஒருவன்தான் சொல்லவில்லை. கார்புரேட்டர் எல்லோருக்கும் பொதுவானதுதானே?" என்றேன்.

அவர் காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை. காது அங்கேயே போய்விட்டது. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது ஆறு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 30 முறை வெடிக்கும். ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு ஐந்து. ஒன்று நின்றுவிட்டால் விநாடிக்கு ஐந்து முறை இடறும். "அதைத்தான் கேட்கிறீர்கள் டீச்சர். என்னால் கேட்க முடியவில்லை" என்றார்.

பிறகு சோதனை. இன்ஜின் நொண்டத் தொடங்கியதும், புகை வெளியேறும் குழாய்களில் ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். ஐந்தில் 'சுர்' என்று ஆவி பறந்தது. ஒன்றில் அவ்வளவாக இல்லை. அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியென்றால் சாப்பாடு போய்ச் சேருகிறது. அழுத்தம் அளந்தார், மற்றவற்றைப் போலவே இருந்தது. ஆக, உடம்பிலும் குறையில்லை. பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். நொண்டல் பிளக்கோடு போகவில்லை, அதே இடத்திலேயே நின்றது. பிளக்கும் நல்லதுதான்.

மிச்சம் இருந்தது ஒயர். இராணுவ வண்டியில் பிளக் ஒயர் ஒவ்வொன்றும் உலோக உறைக்குள் ஓடுகிறது. தண்ணீருக்குள் இறங்கினாலும் நனையக் கூடாது, வண்டியில் உள்ள ரேடியோவுக்கு இரைச்சல் கொடுக்கக் கூடாது என்பதற்காக. உறையைப் பிரித்தார். உள்ளே ரப்பர் வெடித்து, ஓரிடத்தில் கரிக்கோடு விழுந்திருந்தது. சூடானதும் வெடிப்பு விரிந்து, மின்பொறி பிளக்குக்குப் போகாமல் பக்கத்து உலோகத்துக்குத் தாவியிருக்கிறது. உறை மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

புது ஒயர் போட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. இடறவே இல்லை. பெரியவர் இன்ஜின் மூடியைத் தட்டிக்கொடுத்து, "சோம்பேறி என்றேனே, மன்னித்துக்கொள்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. பேரன் அழுகிறான் என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

1991. மூன்றாம் வகுப்பு. உயரமான பையன், அதனால் கடைசி வரிசை. வாய்ப்பாடு கேட்டால் பதினாறு வரை தண்ணீராய்ச் சொல்வான். கரும்பலகையில் எழுதிப்போட்ட கணக்கை மட்டும் தப்பாக எழுதுவான். 8 அவன் நோட்டில் 3 ஆகிவிடும், 6 பூஜ்யம் ஆகிவிடும். கவனமில்லை என்று ஸ்கேலால் முட்டியில் அடித்தேன். முட்டி போட வைத்தேன். ஒரு நாள் முன் வரிசைப் பையன் வரவில்லை என்று அவனை அங்கே உட்கார வைத்தபோது எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று அதற்கும் அடித்தேன். ஆண்டு முடிவில் மதிப்பெண் அட்டையில் 'சோம்பேறி' என்று என் கையாலேயே எழுதினேன்.

மூன்று வருடம் கழித்து அவன் அம்மா வழியில் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், முகாமுல டாக்டர் பார்த்தாரு. புள்ளைக்குத் தூரத்துல இருக்கறது எதுவும் தெரியலையாம். இப்ப கண்ணாடி போட்டிருக்கான், நல்லா படிக்கிறான்." அவர் குரலில் கோபமே இல்லை. நான் "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன். அவனைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர் என்ற கௌரவம் தடுத்தது.

முன் வரிசையில் சரியாக எழுதினானே, அதுவே போதுமான தடயம். ஒரு மெக்கானிக்குக்கு அது போதும். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த எனக்குப் போதவில்லை.

தம்பி, இந்தப் பக்கத்தில் நீயும் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உனக்கு நாற்பது தாண்டியிருக்கும், 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய வயது. எனக்கு வாயில் வரவில்லை. பெயரை எழுதவில்லை, உனக்கே தெரியும். அடித்தது தப்பு. அப்படி எழுதியது அதைவிடத் தப்பு. தெரிந்த பிறகும் வராமல் இருந்தது எல்லாவற்றையும்விடத் தப்பு. என்னை மன்னித்துவிடு. பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்களில் ஆசிரியர் வேலைக்குப் போனவர்கள் ஒன்று செய்யுங்கள். திங்கட்கிழமை கடைசி வரிசைப் பிள்ளைகளை ஒருநாள் முன்னால் உட்கார வைத்து எழுதச் சொல்லிப் பாருங்கள்.

நேற்று பெரியவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஃபெரெட் தெருவில் ஓடுகிறது. "டீச்சர், ஆறு பேரும் சொல்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். இரண்டு முறை போட்டுக் கேட்டேன். ஆறு பேரும் சொல்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்