வருகிறவர் கண்

தலவாக்கலையில் ரயிலை விட்டிறங்கி, லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்குச் செல்லும் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தும் மூடுபனியைத் தவிர வேறெதையும் காண முடியாத ஓர் ஆனி மாதக் காலையில், என் பிரயாணத்தின் நோக்கத்தை விசாரித்த பக்கத்து ஆசனக்காரர், "பங்களாவப் பாக்கவா, பங்களாவுல வேல செய்யிறவங்களப் பாக்கவா?" என்று கேட்டார். வேலை செய்கிறவர்களைத்தான் என்றேன். "அவங்களப் பாக்க யாரும் இவ்வளவு தூரம் வர்றதில்லையே" என்று சொல்லி, என்னைப் பற்றி ஏதோ ஓர் அபிப்பிராயத்துக்கு வந்தவராய், தூங்கத் தொடங்கிவிட்டார்.

டயகம, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் எல்லையில் கிடக்கும் ஊர். துரைமார் காலத்தில் இம்மலைகளில் தோட்டந்தோறும், காற்றும் காட்சியும் ஒருங்கே வாய்த்த மேட்டைத் தேர்ந்து ஒரு பங்களாவைக் கட்டி, அதன் பார்வை படாத பள்ளத்தில் தொழிலாளருக்கு வரிசை வீடுகளான லயங்களைக் கட்டினார்கள். 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளின் கைக்குச் சென்ற பிறகு, குடியிருக்கத் துரை இல்லாத பங்களாக்கள் அங்கங்கே மிஞ்சின. 2005 இல் டில்மா தேயிலைக் குடும்பத்தார் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் போகவந்தலாவையையும் சுற்றியுள்ள பழைய பங்களாக்களை, 1888 இல் எழுந்த டின்சின் பங்களா உட்பட, 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினர் இல்லங்களாக்கிக் காட்டிய பின், பாழடைந்த சுவருக்கும் ஒரு விலை உண்டு என்பது பலருக்குப் புலப்பட்டது. நான் சென்றதும் அவ்வகையான ஒரு பங்களாவுக்குத்தான். ஆனால் அது சிறியது, செலவழிக்கப் பணமும் அதிகம் இல்லாதது. முதல் விருந்தினர் வருவதற்குப் பத்து நாட்கள் இருந்தன; அதற்குள் அதை அலங்கரித்து ஆயத்தம் செய்யும் மூவரைக் காணவே சென்றேன்.

வாசலை அடைந்தபோது ஒரு முதியவர் நாற்காலி ஒன்றைத் தலையில் வைத்து வெளியே எடுத்துச் சென்றுகொண்டிருந்தார். மூன்று துரைமாருக்குச் சமைத்துப் போட்ட பங்களா அப்பு அவர். அலங்காரம் செய்கிற இடத்தில் பொருள்கள் உள்ளே போவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, அன்று நண்பகல் வரை வெளியேறிய பொருள்களை எண்ணுவதே வேலையாயிற்று: ஏழு நாற்காலிகள், இரண்டு அலமாரிகள், பஞ்சு பிதுங்கிய ஒரு மான் தலை, யாரென்று எவருக்கும் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவரின் படம், உடைந்த பியானோ ஆசனம். "வச்சா நெறையும்னு நெனப்பாங்க ஐயா. எடுத்தாத்தான் நெறையும்" என்றார் அப்பு, மூச்சு வாங்கியபடி. எதை எடுப்பது என்று அறிவதற்கு முதலில் எடுத்துச் செல்லும் தோள் வேண்டும் என்பதையும், வீட்டை அலங்கரிக்கும் தொழிலைப் பற்றி எழுதுவோர் தேக பலத்தை ஏனோ மறந்துவிடுகிறார்கள் என்பதையும் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இத்தொழிலுக்கு மேல்நாட்டில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர். 1972 இல் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வீடு விற்றுக் கொடுக்கும் தொழிலில் இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி, தமக்கிருந்த நாடக அனுபவத்தைக் கொண்டு, விற்பனைக்கு வரும் வீட்டை மேடையைப் போல் ஒழுங்கு செய்தால் வாங்குகிறவர் மனம் அதில் குடியேறும் என்று கண்டு, அதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். சொந்தக்காரருடைய வாழ்க்கையின் அடையாளங்களை நீக்கி, வருகிறவர் தம் வாழ்க்கையை அங்கே கற்பனை செய்துகொள்ள இடம்விடுவதே அதன் சூட்சுமம். அப்புவுக்கு இந்த அம்மையாரைத் தெரிய நியாயமில்லை. இருந்தும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

அறைகளின் பொறுப்பு ஐம்பது வயதை எட்டிய ஓர் அம்மாளுடையது. இருபது வருஷம் கொழுந்து பறித்த பிறகு முழங்கால் வலியால் மலையை விட்டுப் பங்களாவுக்கு வந்தவர். அப்புவை 'மாமா' என்று அழைப்பார், அவரோ இவரை இன்னும் 'புள்ள' என்றுதான் கூப்பிடுகிறார். சிவப்புச் சிமெந்துத் தரைக்கு மெழுகு பூசித் தேங்காய் மட்டையால் தேய்த்து, எதிர்ச்சுவரின் ஜன்னல் அதிலே தலைகீழாகத் தெரியும் வரை ஓயாத அவருடைய சிரத்தையைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறொரு காட்சி. கட்டிலை விரித்து முடித்ததும் அவர் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, தலையணையைத் தொடாமல், அதன் உயரத்துக்குத் தம் கன்னத்தைச் சாய்த்து, விட்டத்தை அண்ணாந்து நோக்கினார். சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து ஒட்டடைக்கம்பை எடுத்தார். நின்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி வலை, படுத்த கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"படுத்தே பார்க்கலாமே அம்மா?" என்றேன்.

"அது வர்றவங்க படுக்கிறது ஐயா" என்றார். அதில் பணிவு எவ்வளவு, தொழில் ஒழுக்கம் எவ்வளவு, பழைய பயம் எவ்வளவு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

இதே முறையில் அவர் ஒவ்வோர் ஆசனத்தின் முன்னும் குனிந்து பார்த்தார். உட்காருகிறவரின் கண் முதலில் எங்கே விழுகிறதோ அங்கே நல்லது ஒன்று இருக்க வேண்டும். குளிர்காயும் அடுப்பாயினும் சரி, ஹைட்ரேஞ்சியாப் பூவாயினும் சரி, ஜன்னலுக்கப்பால் ஏறிச் செல்லும் தேயிலை வரிசையாயினும் சரி. மறைக்க வேண்டியது முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். "நாற்காலியத் திருப்பினா வீடே திரும்பும்" என்பது அவர் வாக்கு. பட்டப் படிப்போ சான்றிதழோ இல்லாதவர் இதை எங்கே கற்றார் என்று கேட்பது வீண். பிறர் கண்ணுக்கு எது படும், எது படாது என்று சதா கணக்கிட்டே பிழைக்க வேண்டியிருந்த ஒரு சமூகத்துக்கு இது பால்யத்திலேயே படிந்துவிடுகிற வித்தை.

கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் இம்மலைகளின் பூட்டிய வீடுகளில் ஏறுகிற பூஞ்சண வாசனை, எந்த விருந்தினரையும் வாசற்படியிலேயே திருப்பியனுப்பிவிடும். சொந்தக்காரர் கொழும்பிலிருந்து வாசனைத் தெளிப்பான் டப்பாக்களை அனுப்பியிருந்தார். அப்பு அவற்றைப் பத்திரமாகப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நான்கு நாட்கள் எல்லா அடுப்புகளிலும் தீ மூட்டினார்: முதலில் சட்டென்று பிடிக்கும் தேயிலைச் சுள்ளியான மிலாறு, பிறகு நின்றெரியும் யூக்கலிப்டஸ் கட்டை. மெத்தைகளை அடுப்பின் முன் நிறுத்தி, கைக்குழந்தைக்கு இடம் மாற்றுவது போல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டினார். கவ்வாத்து வெட்டிய மிலாறைத் தலைச்சுமையாகக் கொண்டு வந்து லயத்து அடுப்பில் எரிக்கிற அதே புகையை, அளவு குறைத்து, பங்களாவுக்கு ஒரு மணமாக அவர் மாற்றியிருந்தார்.

மூன்றாமவர் ஓர் இளைஞர், வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றில் ஐந்து வருஷம் இருந்து திரும்பியவர். கைத்தொலைபேசியில் அறைகளைப் படம் பிடித்து, படத்துக்கு ஏற்றபடி பொருள்களை நகர்த்துவது அவருடைய முறை. படத்தில் அழகாயிருந்த மூங்கில் விளக்கு, நடக்கிறவர் நெற்றியில் இடித்தது. அம்மாள் ஒன்றும் பேசாமல் அதை மூலைக்கு மாற்றினார். அவரும் மறுபேச்சுப் பேசவில்லை. இருந்தாலும் இவரிடம் ஒரு தேர்ந்த சாமர்த்தியம் உண்டு. வெளியே வைத்த மான் தலையைப் படத்தில் கண்டு சொந்தக்காரர் தொலைபேசியில் கோபித்தபோது, அது அசிங்கமென்று சொல்லாமல், "இவ்வளவு பழைய சாமான், ஈரத்துல கெட்டுப்போகும் சேர், பத்திரமா வேற எடத்துல வைக்கிறோம்" என்றார். ஒருவருடைய ரசனையைக் குறை கூறாமலே அதை அவர் வீட்டிலிருந்து அகற்றுகிற இந்தச் சாதுரியம், வர்ண ஞானத்தைக் காட்டிலும் அரிது என்பது என் கட்சி. டயகமவின் பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போய் என்னென்ன பட்டார்கள் என்பதைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோமாகையால், "இது வீட்டு வேல இல்ல சேர், இது தொழில்" என்று அவர் என்னிடம் இரண்டு முறை அழுத்திச் சொன்னதன் காரணத்தை நான் கேட்கவில்லை.

மேல்நாட்டில் இக்கலை பிறந்தது வீட்டை விற்பதற்காக. விற்பதற்கு வீடு ஒருவருக்குச் சொந்தமாயிருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழ்ந்தும், அதன் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பத்திரம் இல்லாத மக்களிடம் இந்தக் கண் இத்தனை கூர்மையாக வளர்ந்திருப்பதை எவ்விதம் விளங்கிக்கொள்வது? இந்திய உதவியில் மலையகத்துக்கு, ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியென்ற கணக்கில் 4000 வீடுகள் திட்டமிடப்பட்டன; 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் மேலும் 10000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. நான் சென்ற நாள் வரை அம்மாளின் லயத்துக்கு அவை வந்திருக்கவில்லை.

மாலையில் தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மாள் வற்புறுத்தியதால் பள்ளத்திலிருந்த லயத்துக்கு இறங்கினோம். முன் திண்ணையான இஸ்தோப்பில் என்னை நிறுத்தி, "ஒரு நிமிசம் ஐயா" என்று சொல்லி அவர் மட்டும் உள்ளே சென்றார். எதையோ இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு அழைத்தார். இருந்த ஒரே நாற்காலி கதவை நோக்கி இருந்தது. அதில் அமர்ந்தவுடன், பனி விலகிய வாசற் சட்டத்துக்குள் சமவெளியின் சரிவு முழுவதும், அதன் உச்சிக் காடு வரை, ஒரு படம் போல் நிறைந்து நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. என் முதுகுக்குப் பின்னால், தொங்கவிட்ட சேலைக்கு அப்பால், தகரத்திலிருந்து பாத்திரமொன்றில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அம்மாள் வானொலியைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சீனி போடவா ஐயா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். திரும்பிப் பார்க்கவில்லை.